பொறுத்தேன் என்று சொன்ன பிறகு

அந்த வருஷம் ஆவணி வெயிலில் எங்கள் ஊர் மல்லாட்டை, டவுன்காரர்கள் வேர்க்கடலை என்பார்களே அது, மண்ணுக்குள்ளேயே வறுபட்டுப் போனது. செடியைப் பிடுங்கினால் தோல் கருகி, வாசனையோடு வெளியே வந்தது. நாலு செடியைப் பிடுங்கி, மடியில் முடிந்திருந்த உப்பைத் தொட்டுத் தின்றுவிட்டு, பக்கத்து நிலத்து மல்லிநாதனிடம் போய்ச் சொன்னேன்.

அவர் வரப்பில் நின்று தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"பொய்யி," என்றார்.

நாற்பது வருஷமாக இப்படித்தான். நான் சொல்வேன், அவர் "பொய்யி" என்பார். கோபம் கிடையாது. ஒரு மண்வெட்டி மண்ணைப் போட்டு மடையை அடைப்பது போல ஒரே சொல். எனக்கும் அது பழகிவிட்டது. அவர் சொல்லாவிட்டால் நான் சொன்னது முடிந்ததாகவே தோன்றாது.

மல்லிநாதன் சமணர். எங்கள் பக்கத்தில் நயினார் என்போம். திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகிற ரோட்டில் இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் ஊர். அதில் அவர்களுக்கு ஒரு தெருவும் ஒரு ஆதிநாதர் கோயிலும் உண்டு. கறி மீன் கிடையாது, முட்டை கிடையாது, கிழங்கு கிடையாது. தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார்கள். பொழுது சாய்ந்தால் வாயில் பருக்கை வைக்க மாட்டார்கள். மல்லாட்டை மட்டும் தின்பார்கள். "மண்ணுக்குள்ளதான நயினாரே இருக்குது, இது மட்டும் கிழங்கு இல்லியா?" என்று ஒருநாள் கேட்டேன். "பூ மேல பூக்குது, அதுலேர்ந்து ஊசி மாரி கீழ எறங்குது, அது காயி. இதுல உனக்கு இன்னா பேஜாரு?" என்றார். ஓட்டும்போது எறும்புப் புற்று குறுக்கே வந்தால் டிராக்டரை நிறுத்தி, சுற்றிக்கொண்டு போகச் சொல்வார். அவர் நிலத்து உழவுச் சால் எல்லாம் பாம்பு ஊர்ந்தது போல இருக்கும்.

புரட்டாசி பிறக்கும் முன்னே பின்னே அவர்களுக்குப் பத்து நாள் விரதம் வரும். அது முடிந்த மறுநாள் அந்தத் தெருவில் ஒரு வழக்கம். பெரியவர், சின்னவர், புருஷன், பெண்டாட்டி, யாராக இருந்தாலும் ஒருவர் முன்னால் ஒருவர் நின்று கை கூப்பி, "தெரிஞ்சும் தெரியாமயும் செஞ்சத பொறுத்துக்கணும்" என்பார்கள். எதிரில் நிற்பவர், "பொறுத்தேன், நீங்களும் பொறுங்க" என்று சொல்லியாக வேண்டும். என்ன தப்பு என்று கேட்கக் கூடாது. கேட்டுவிட்டுப் பொறுத்தால் அது பேரம், பொறுத்தல் இல்லை என்பார் மல்லிநாதன். நான் அவர்கள் ஆள் இல்லை. இருந்தாலும் வருஷா வருஷம் போய் நிற்பேன். "சொன்ன பொய்யெல்லாம் பொறுத்துக்கணும் நயினாரே" என்பேன். "பொறுத்தேன்" என்பார். கணக்கு தீர்ந்து, மறுநாளிலிருந்து புதிதாக ஆரம்பிப்பேன்.

அந்த வருஷமும் நான் போய் நின்றிருந்தபோதுதான் அது நடந்தது. மல்லிநாதனின் ஒரே பிள்ளை நேமிகுமார் குளித்து வேட்டி கட்டிக்கொண்டு வந்து அப்பா முன்னால் கை கூப்பினான். இருபத்து மூன்று வயது. இன்ஜினியரிங் முடித்துவிட்டு, புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. இரண்டு வார்த்தையில் முடிக்க வேண்டியதை அவன் முடிக்கவில்லை.

"தெரிஞ்சே செஞ்சது, சொல்லாம செஞ்சது, இனிமே செய்யப்போறது எல்லாத்தையும் பொறுத்துக்கணும் பா."

இனிமேல் செய்யப்போவது என்று அந்த வழக்கத்தில் கிடையாது. எனக்கே தெரியும். மல்லிநாதனுக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனாலும் மனுஷர் கண்ணை மூடிக்கொண்டு, "பொறுத்தேன். நீயும் பொறு" என்றார்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நேமி ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து அப்பா கையில் கொடுத்தான். ராணுவத்திலிருந்து வந்தது. பரீட்சை எழுதி, பெங்களூரில் ஐந்து நாள் நேர்காணல் முடித்து, உடம்புச் சோதனையும் தேறிவிட்டானாம். அந்த ஐந்து நாளும் கம்பெனி டிரெயினிங் என்று வீட்டில் சொல்லியிருந்தான். பரங்கிமலையில் ஒரு வருஷம் பயிற்சி. முடிந்தால் லெப்டினன்ட். அக்டோபர் முதல் வாரம் சேர வேண்டும்.

மல்லிநாதன் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"பொறுத்தேன்னு சொல்லிட்டனே," என்றார், என்னைப் பார்த்து.

அவர் பெண்டாட்டி குணமதி அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளிடமும் அவன் காலையிலேயே கை கூப்பி முடித்திருந்தான். அவளும் பொறுத்திருந்தாள். ஒரு வீட்டையே காலை எட்டு மணிக்குள் கட்டிப்போட்டுவிட்டான் பையன்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அந்த வீட்டில் ஒரு சத்தம் இல்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. பொறுத்த தப்பைப் பற்றி மறுபடி பேசுவது பொறுக்காததற்குச் சமம். ஆகவே மல்லிநாதன் பையனிடம் மாட்டைப் பற்றியும் மோட்டாரைப் பற்றியும் மட்டும் பேசினார். மோட்டார் நன்றாகத்தான் ஓடியது.

ஒருநாள் சித்தாமூர் சமண மடத்துக்குப் போய், வயதான பண்டிதர் ஒருவரைப் பார்த்துவிட்டு வந்தார். சொன்ன பொறுத்தலைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழி உண்டா என்று கேட்கத்தான் போனார்.

"இன்னா சொன்னாரு?" என்றேன்.

"எதிரி வந்தா எதுத்து நிக்கறது இல்லறத்தானுக்குத் தடையில்லன்னு நூல்ல இருக்குதாம். ராஜாக்கள்லாம் நம்ம ஆளுங்கதான்னு சொல்றாரு."

"அப்பறம் இன்னா?"

"அண்ணே, நான் சட்டமா கேட்டேன்? அவரு புள்ள சென்னையில ஆடிட்டரு."

மல்லாட்டை பிடுங்கும் நாள் வந்தது. இரண்டு மழை பெய்து மண் இளகியிருந்தது. கெங்கம்மாள் பத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து நயினார் நிலத்தில் இறங்கினாள். பிடுங்குவதும், உதறுவதும், கத்தையாகக் கட்டிக் கவிழ்ப்பதும், பிறகு உட்கார்ந்து காயை ஆய்வதுமாக ஒரு வாரத்து வேலை. கேப்பைக் கூழும் மோர்மிளகாயும் குணமதி கொண்டுவந்து ஊற்றுவாள். கூழை வாங்கிக்கொண்டு கெங்கம்மாள் ஆறுதல் சொல்ல ஆரம்பித்தாள்.

"நயினாரம்மா, இதுக்குப் போயி ஏன் மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு கீற? எங்க அக்கா புள்ளகூட பட்டாளத்துலதான் இருக்கான். பத்து வருசமாச்சி. துப்பாக்கியத் தொட்டதே இல்ல."

குணமதி முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. "நெசமாவா? அப்ப இன்னா வேல பாக்கறான்?"

"சமையலு. தெனம் அறுவது கோழி உரிக்கறான்."

குணமதி சொம்பைக் கீழே வைத்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவள் கெங்கம்மாளைக் கிள்ளினாள்.

"எதுக்குடி கிள்ற? இருக்கறதத்தான சொன்னேன்."

"நேமிநாதர் பேர வச்சமே," என்று குணமதி என்னிடம் சொன்னாள். "அவரு கல்யாணத்துக்குப் போறப்ப, விருந்துக்குக் கட்டிவச்ச ஆடுமாடு கத்தறதக் கேட்டுட்டு, அந்தக் கல்யாணமே வேணாம்னு மலைக்குப் போயிட்டாரு. இவன் எந்த மலைக்குப் போறான் பாருங்கண்ணே. ராத்திரி எட்டு மணிக்குத்தான் சாப்பாடாம். நான் கேட்டேன். சாயங்காலமே குடுக்க மாட்டாங்களாடான்னேன். அங்க எல்லாரும் ஒன்னா உக்காந்துதான் சாப்புடணுமாம். பொறந்ததுலேர்ந்து அவன் பொழுது போயி சாப்புட்டதில்ல. காய்ச்சல்ல கெடந்தப்பகூட இல்ல."

கீழே வைத்த சொம்பை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். எனக்கும் சில சமயம் வாய் ஓடாது.

நேமியை மோட்டார் கொட்டகைப் பக்கம் தனியாகப் பிடித்தேன். "ஏன்டா, நல்லா ஏசியில உக்காந்துக்கினு இருந்தியே. இன்னா வந்துது உனக்கு?"

அவன் தொட்டித் தண்ணீரில் கையை விட்டு அளைந்துகொண்டே சொன்னான். "போன கார்த்திக வெள்ளத்துல புதுச்சேரியில மாட்டிக்கினேன் இல்ல, பெரியப்பா? கழுத்து வரைக்கும் தண்ணி. நான் ஆபீஸ் லேப்டாப்ப தல மேல வச்சிக்கினு மாடிப்படியில நின்னேன். மிலிட்டரிக்காரங்க படகு எடுத்துக்கினு வந்தாங்க. அதுல ஒருத்தன் என் வயசுதான் இருப்பான். பக்கத்து வீட்டு அம்மாவ தோள்ல தூக்கிக்கினு, என்னயப் பாத்து, 'தம்பி, அந்தப் பொட்டியக் கீழ வச்சிட்டு இவங்க காலப் புடி'ன்னான். நான் வைக்கல."

"ஏன்?"

"கம்பெனி லேப்டாப்பு. நனைஞ்சா ரிப்போர்ட் எழுதணும்." தண்ணீரிலிருந்து கையை எடுத்தான். "அந்தம்மா கால் வழுக்கி ரெண்டு தடவ தண்ணியில போயிட்டாங்க. அப்பறம் அவனே தூக்கிட்டான். பொழைச்சிக்கினாங்க. அவங்களுக்கு நான் நின்னதுகூட ஞாபகம் இல்ல."

"இத உங்க அப்பாகிட்ட சொன்னியா?"

"சொன்னா, அதயும் பொறுத்தேன்னுடுவாரு."

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம், ஆய்ந்த காய் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தபோது, மல்லிநாதன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"துரையண்ணே. எனக்காவ ஒரு பொய்யி சொல்லணும்."

எனக்கு எழுபத்தொரு வயது. சந்தையில், கல்யாண வீட்டில், தாலுகா ஆபீசில் எல்லாம் பொய் சொல்லியிருக்கிறேன். யாரும் இதுவரை கேட்டு வாங்கியதில்லை.

"எந்தப் பொய்யி?"

"பட்டாளத்துல ஒன்றர நாள் இருந்ததா சொல்லுவியே. அத அவங்கிட்ட சொல்லு. பயப்படற மாரி சொல்லு."

"அது பொய்யின்னு நீயே அம்பது தடவ சொல்லியிருக்கறியே."

"இந்த ஒரு தடவ நான் சொல்லல."

சாயங்காலம் சாப்பாட்டுக்கு முன்னால் நேமியைக் கூப்பிட்டு உட்கார வைத்து ஆரம்பித்தேன். எழுபத்தொன்றாம் வருஷச் சண்டையில் விழுப்புரம் ரயிலடியில் ஆள் எடுத்தார்கள், என்னையும் எடுத்தார்கள், ரயிலில் ஏற்றினார்கள், முதல் நாள் முழுக்க உருளைக்கிழங்கு உரிக்க வைத்தார்கள். செஞ்சிக் கோட்டை உயரத்துக்குக் கிழங்கு. அதன் மேல் ஏறி நின்றால் பாகிஸ்தான் தெரிந்தது. அங்கேயும் ஒருவன் கிழங்கு மலை மேல் நின்று உரித்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டோம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வராதவனை மறுநாள் கிழங்கோடு சேர்த்து உரித்துவிடுவார்கள் என்றேன். உரித்ததை என் கண்ணால் பார்த்தேன் என்றேன்.

மல்லிநாதன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொன்னபடி வாயைத் திறக்கவில்லை. நெற்றியில் வியர்த்திருந்தது.

நேமி முழுதும் கேட்டான். பிறகு, கோபமில்லாமல், மடையை அடைப்பது போல, "பொய்யி" என்றான். அச்சு அசலாக அப்பா குரல். சிரித்துக்கொண்டே எழுந்து கைகழுவப் போனான்.

"எல்லாத்தையும் எங்கிட்டேர்ந்துதான் கத்துக்கினு இருக்கான்," என்றார் மல்லிநாதன்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு உச்சி வெயிலில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்த நேரத்தில் வருகிற ஆள் இல்லை. துண்டுக்குள்ளிருந்து ஒரு காக்கி உறையை எடுத்தார்.

"இத வச்சிக்க. உள்ள இன்னான்னு கேக்காத."

உறை ஒட்டியிருக்கவில்லை. கேட்கத்தானே கூடாது என்றார் என்று, அவர் எதிரிலேயே பிரித்துப் பார்த்தேன். நேமியின் பட்டச் சான்றிதழ், அசல். அசல் சான்றிதழ் இல்லாமல் வருபவர்கள் சேர்த்துக்கொள்ளப்பட மாட்டார்கள் என்று அந்தக் காகிதத்தில் இருந்ததை நேமியே எங்களுக்குப் படித்துக் காட்டியிருந்தான். எல்லாவற்றையும் ஒரு நீலப் ஃபைலில் அடுக்கி, பையில் வைத்துப் பூட்டிக்கூட வைத்துவிட்டான். பூட்டின் சாவி ஆணியில் தொங்கியது. அந்த வீட்டில் யாரும் எதையும் எடுத்ததில்லை அல்லவா.

"கேட்டுலயே திருப்பி அனுப்பிடுவாங்க," என்றார் மல்லிநாதன். "பொழுது சாயறதுக்குள்ள வூட்டுக்கு வந்துருவான். அப்பறம் குடுத்துரலாம். அது அவன் படிச்சிது, அவனுக்குத்தான்."

பொய்யாமை, களவாடாமை, கொல்லாமை என்று அவர்களுக்கு வரிசையாக விரதம் இருக்கிறது. கொல்லாமையைக் காப்பாற்ற மற்ற இரண்டையும் மனுஷர் ஒரே வாரத்தில் செலவழித்துவிட்டார்.

"நான் இன்னா பண்ணணும்?"

"ஒன்னும் பண்ண வேணாம். சும்மா இரு."

உறையை டிரங்குப் பெட்டியில் பட்டாவுக்கு அடியில் வைத்தேன். என் பெண்டாட்டி கோவிந்தம்மாள் என்னவென்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். "நீ ஒன்னுமில்லன்னு சொல்ற ஆளு இல்லியே," என்று ஒரு மாதிரி பார்த்தாள். பள்ளம் வெட்டியிருக்கிறேன், கிணறு தூர் வாரியிருக்கிறேன். அந்த இரண்டு நாள் சும்மா இருந்த வேலைதான் பெரிய வேலை.

கிளம்புகிற அன்று காலையில் குணமதி புளிச்சோறும் மல்லாட்டை உருண்டையும் கட்டிக் கொடுத்தாள். கடைசியாக, நாலாக மடித்த ஒரு வெள்ளைத் துணி.

"தண்ணிய வடிகட்டிக் குடி. அங்க நேரம் இல்லன்னா... அங்க குடமெல்லாம் வச்சிருப்பாங்களோ இன்னாவோ. நேரம் இல்லன்னா இன்னா பண்ணுவ?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல், "குடிச்சிரு," என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போனவள் வெளியே வரவில்லை.

எங்கள் ஊர் அலெக்ஸின் ஆட்டோவில் திண்டிவனம் போனோம். பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டால் போதும், பரங்கிமலைக்கு நானே போய்க்கொள்வேன் என்று நேமி சொல்லிவிட்டான். நான் ஒரு துணிப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏறினேன். பையில் என்ன என்று அலெக்ஸ் கேட்டான். கோவிந்தம்மாளுக்கு மாத்திரைச் சீட்டு என்றேன். மல்லிநாதன் பக்கத்தில்தான் இருந்தார். "பொய்யி" என்று சொல்லவில்லை. அவருக்கு அன்றைக்கு எதுவும் காதில் விழவில்லை.

பஸ் ஸ்டாண்டில் கிளாம்பாக்கம் வண்டி நின்றது. நேமி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். மல்லிநாதன் கீழே நின்றார். நல்ல வெயில். வண்டிக்கும் அவருக்கும் நடுவே வெள்ளரிப் பிஞ்சு விற்கிறவள் இரண்டு தடவை போய்வந்தாள்.

"தண்ணி பாட்டில் இருக்குதா?"

"இருக்குது பா."

"மோட்டாருக்கு பெல்ட்டு மாத்தணும்."

"மாத்திருங்க பா."

கண்டக்டர் ஏறினான். டிரைவர் ஏறினான். அப்போது மல்லிநாதன் திடீரென்று கையைக் கூப்பினார். அது விரதமும் இல்லை, அந்த நாளும் இல்லை. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில், பழக்கடைக்கும் கழிப்பறைக்கும் நடுவே நின்றுகொண்டு, பெற்ற பிள்ளையைப் பார்த்துச் சொன்னார்.

"நேமி. தெரிஞ்சே செஞ்சத பொறுத்துக்கணும்."

பையன் பாதி எழுந்துவிட்டான். பின்சீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அவன் அப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். என்ன தப்பு என்று அவன் நாக்கு நுனி வரைக்கும் வந்ததை நான் பார்த்தேன். இது பொய்யில்லை. பிறகு அவனும் ஜன்னல் கம்பிக்குள் கை கூப்பினான்.

"பொறுத்தேன் பா. நீங்களும் பொறுங்க."

விசில் அடித்தது. வண்டி உறுமியது.

மல்லிநாதன் கூப்பிய கையைப் பிரிக்காமலே என் பக்கம் திரும்பினார். முகம் வெளுத்திருந்தது. "அண்ணே. ஓடு. ஊட்டுக்குப் போயி அத எடுத்துக்கினு வா. ஜல்தி."

ஊர் பதினான்கு கிலோமீட்டர். எனக்கு ஒரு முட்டி வேலை செய்யாது. நான் துணிப்பைக்குள் கையைவிட்டு உறையை எடுத்து நீட்டினேன். ஏன் கொண்டுவந்தாய் என்று அவர் கேட்கவில்லை. நானும் இன்றைக்கு வரைக்கும் யோசித்துப் பார்க்கிறேன், எனக்கும் தெரியவில்லை.

எறும்பைச் சுற்றிக்கொண்டு நடக்கிற மனுஷர் அன்றைக்குக் கீழே பார்க்காமல் ஓடினார். நகர்கிற வண்டியைக் கையால் அறைந்தார். "நிறுத்துப்பா! நிறுத்து!"

"யோவ் பெரியவரே, சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சிதா?" என்று கண்டக்டர் கத்தினான். வண்டி ஒரு குலுக்கலில் தயங்கியது. அதற்குள் உறை ஜன்னல் வழியாகப் போய்விட்டது.

நேமி பிரித்துப் பார்த்தான். பார்த்ததும் விளங்கிவிட்டது. வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான். பொறுத்தேன் என்று சொன்ன வாய்க்கு அதற்கு மேல் வேலை கிடையாது. உறையை நீலப் ஃபைலில் வைத்து, ஃபைலை மடியில் வைத்து, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டான். வண்டி மேம்பாலம் பக்கம் திரும்பியது.

ஆட்டோவை விட்டு இறங்கியதும் மல்லிநாதன் வீட்டுக்குப் போகவில்லை. நேராக நிலத்துக்குப் போய், பெண்களோடு உட்கார்ந்து காய் ஆய்ந்தார். நானும் ஆய்ந்தேன். மூன்று மணிக்கு அவர் போனில் ஒரு செய்தி வந்தது. உள்ளே வந்துவிட்டேன், போனை வாங்கிக்கொள்வார்கள் என்று இருந்தது. கெங்கம்மாளிடம் காட்டினார். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "நல்லதா போச்சி நயினாரே," என்றாள்.

பெண்கள் போன பிறகும் நாங்கள் மல்லாட்டைக் கொடிப் போர் மேல் சாய்ந்து கிடந்தோம். செஞ்சி மலைப் பக்கம் பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. குணமதி வரப்பில் வந்து நின்று, "பொழுது போவுது, சாப்புட வாங்க," என்று கூப்பிட்டாள். அவர் எழவில்லை.

"எட்டு மணிக்குத்தான் சாப்பாடாம், அண்ணே."

"ம்."

"இன்னிக்கு நீ ஒன்னும் சொல்லலியே."

நான் இறங்குகிற பொழுதைப் பார்த்தேன். பிறகு சொன்னேன். "பரங்கிமலையில பொழுது லேட்டாத்தான் சாயும் நயினாரே. தெரியாதா உனக்கு? எழுவத்தொன்னுல ரயில் அங்க நின்னப்ப நான் பாத்தேன். எட்டு மணிக்கு மணி அடிக்கறாங்க, பசங்கள்லாம் தட்ட எடுத்துக்கினு வரிசையில வர்றானுங்க. பொழுது பாட்டுக்கு மலை உச்சியில குந்திக்கினு இருக்குது. அத்தினி பேரும் தின்னு முடிச்சி, கடைசி ஆளு தட்டக் கழுவனப்பறம்தான் மெதுவா எழுந்து எறங்கிச்சி."

சொல்லிவிட்டு அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தேன்.

மல்லிநாதன் எழுந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். குணமதி நிற்கிற பக்கம் இரண்டடி நடந்தவர், நின்றார்.

"கடைசி ஆளு வரைக்குமா?" என்று கேட்டார்.

"கடைசி ஆளு வரைக்கும்," என்றேன்.